உக்கிய குற்றியில் முளைக்கும் காளானைப் படமெடுப்பது எப்படி: கொழும்பில் இருப்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

காளான் படம் எடுக்க ஆசையாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், அடுத்ததாகக் கேட்பது சிங்கராஜாவுக்கு எப்போது போகலாம் என்பதுதான். போகலாம், அருமையான காடு. ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை போய், அட்டைக்கடியோடு நாலு மணித்தியாலம் நடந்து, கண்ணில் பட்டதையெல்லாம் ஓடி ஓடி எடுத்துக்கொண்டு வந்தால் அந்த அவசரம் படத்தில் அப்படியே தெரியும். நான் எடுத்ததில் எனக்கே பிடித்த படங்கள் எல்லாம் வெள்ளவத்தையில், எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில், மதிலோரம் கிடந்த ஒரு மாமரக் குற்றியில் எடுத்தவை. இரண்டு மழைக்காலம் அந்த ஒரு குற்றிக்குத்தான் திரும்பத் திரும்பப் போனேன். மூன்றடி நீளம்கூட இருக்காது. அதில் மட்டும் 11 வகைக் காளானை எண்ணியிருக்கிறேன்.

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே எண்ணத்தில்தான் போகும்: நடந்து போகிற தூரத்தில் ஒரு விழுந்த மரத்தைக் கண்டுபிடித்து, அதை விடாமல் பாருங்கள். கமெரா, லென்ஸ், வெளிச்சம் எல்லாவற்றையும் அதைச் சுற்றியே சொல்கிறேன்.

முதலில் குற்றியைத் தேடுங்கள்

கொழும்பில் எங்கே மரம் என்று கேட்பீர்கள். ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்ட ஊர் இது. தலவத்துகொடையில் தியசரு பூங்கா, கோட்டையில் (புறக்கோட்டைப் பக்கம் இருப்பது அல்ல, ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டை) பெத்தகான ஈரநிலப் பூங்கா, தலங்கம குளத்தைச் சுற்றியுள்ள பகுதி, பெல்லன்வில அத்திடிய சரணாலயம் என்று பஸ்ஸில் போய் இறங்கக்கூடிய இடங்களே நிறைய உண்டு. நகருக்கு நடுவில் விகாரமகாதேவி பூங்காவில் பழைய மரங்களின் அடியும் வேரிடுக்கும் மழைக்குப் பிறகு ஒரு நாளும் ஏமாற்றியதில்லை.

ஆனாலும் நான் முதலில் வீட்டைச் சுற்றித்தான் பார்க்கச் சொல்வேன். வெட்டிய தென்னையின் அடிக்குற்றி அநேகமாக எல்லா ஒழுங்கையிலும் ஒன்றாவது இருக்கும். மே, ஜூன் மாதக் காற்றில் தெருவோர மரங்களின் பெரிய கிளைகள் முறிந்து விழும். அறுத்துத் துண்டு போட்டபின் சில துண்டுகள் அகற்றப்படாமல் மாதக்கணக்கில் ஓரத்தில் கிடக்கும். உங்கள் குடியிருப்பின் பின்பக்கம், குப்பை வைக்கிற இடத்துக்கும் மதிலுக்கும் நடுவில், யாரும் போகாத அந்த ஈரமான மூலையையும் ஒருக்கால் பாருங்கள். பூச்சாடியைக்கூட விடவேண்டாம். மழைக்காலத்தில் சாடி மண்ணில் திடீரென்று எலுமிச்சை மஞ்சளில் மெல்லிய குடைகள் வருமே, லூக்கோகொப்ரினஸ் பிர்ன்பவுமி என்ற அந்தக் காளான் பல்கனியிலேயே கிடைக்கும். நல்ல பயிற்சி. சாப்பிடக்கூடாதது.

குற்றியைத் தெரிவு செய்யும்போது மூன்று விஷயம் பார்ப்பேன். அது மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கவேண்டும், தூக்கி அடுக்கிய விறகு சீக்கிரம் காய்ந்துவிடும். மத்தியான வெயில் நேரே விழக்கூடாது. பட்டை இன்னும் கொஞ்சமாவது ஒட்டியிருக்கவேண்டும், ஏனென்றால் பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலான ஈரத்தில்தான் ஆரம்ப காலக் காளான்கள் வெடித்து வெளியே வரும். விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், நகம் இலேசாகப் பதிந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். நாம் காளான் என்று பார்ப்பது பழம் மாதிரி ஒரு பாகம்தான். உண்மையான பங்கசு கட்டைக்குள் பூசணவலை என்கிற மெல்லிய நூல்களாகப் பரவி மரத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. அதனால்தான் ஒரு குற்றியில் ஒரு தடவை கண்டது அடுத்த மழைக்கும் அநேகமாக அதே இடத்திலேயே வருகிறது, அதனால்தான் திரும்பிப் போவதில் பலன் இருக்கிறது.

எப்போது போவது

கொழும்புக்கு மழை இரண்டு தடவை பலமாக வருகிறது. மேயில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும்போது ஒன்று, ஒக்டோபர், நவம்பரில் இன்னொன்று. மார்ச், ஏப்ரலில் பின்னேர இடிமழையும் உண்டு. வெசாக் கூடு கட்டும் நாட்களில் பெய்யும் மழையை நான் காளான் பருவத்தின் மணியோசையாகவே எடுத்துக்கொள்வேன். ஜனவரி, பெப்ரவரி காய்ந்த மாதங்கள். அப்போது தட்டுக் காளான்களும் கட்டையின் அமைப்பும்தான் மிஞ்சும், அதுவும் எடுக்கத் தகுந்ததுதான், கீழே சொல்கிறேன்.

வறண்ட நாட்களுக்குப் பிறகு முதல் பெருமழை பெய்தால் நாள் எண்ணத் தொடங்குங்கள். சில மணித்தியாலத்திலேயே பழைய காளான்கள் விழித்துக்கொள்ளும். மாமரக் கொம்புகளில் சாம்பல் வெள்ளை விசிறி போல ஒட்டியிருக்கும் ஸ்கிசோஃபில்லம் கொம்யூன் காய்ந்த நாளில் தன் அடிமடிப்புகளைச் சுருட்டி மூடிவைத்திருக்கும், ஈரம் பட்டதும் விரிக்கும். காய்ந்த தோல் துண்டு போல இருந்த காதுக் காளானும் தண்ணீர் குடித்து மெத்தென்று ஆகிவிடும். இரண்டாம், மூன்றாம், நாலாம் நாட்களில்தான் புதியவை முளைக்கும். கொப்ரினெல்லஸ் வகையின் சின்னஞ்சிறு சாம்பல் குடைகள் ஒரு தென்னங்குற்றியடியில் நூற்றுக்கணக்கில் வந்து, ஓரிரு நாளில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். இதைத் தவறவிட்டால் அடுத்த மழை வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

நேரம் என்றால் காலை. இங்கே வருடம் முழுக்க சூரியன் 6 மணியை ஒட்டித்தான் உதிக்கிறது, ஆறரையிலிருந்து எட்டு வரை வெளிச்சம் மென்மையாக இருக்கும், காற்றும் அசையாது. மூங்கில் புதர்ப் பக்கம் வலைப் பாவாடை கட்டியது போல வரும் ஃபாலஸ் காளானைப் பார்க்கவேண்டுமென்றால் காலைதான் ஒரே வழி. வலை சில மணித்தியாலத்தில் விரிந்து, வெயில் ஏறும்போது தளர்ந்து விழுந்துவிடும். மணமும் தூரத்திலேயே வரும், அழுகல் மணம், ஈக்களை வரவழைத்து வித்திகளைப் பரப்பத்தான் அது.

பையில் என்ன வைப்பது

போன் மட்டும் இருந்தாலும் தொடங்குங்கள், மனதாரச் சொல்கிறேன். இப்போதைய பல போன்களில் மெக்ரோ (மிகக் கிட்டப் போய் எடுக்கும் வசதி) என்று வருவது உண்மையில் அகலக்கோண லென்ஸ்தான். இரண்டு மூன்று சென்ரிமீற்றர் வரை கிட்டப் போகும், ஆனால் போனின் நிழலே காளானின் மேல் விழும், பின்னணியில் குப்பை எல்லாம் தெரியும். கொஞ்சம் தள்ளி நின்று 2 மடங்கு அல்லது 3 மடங்கு லென்ஸில் எடுத்துப் பாருங்கள், பின்னணி அமைதியாகிவிடும். இன்னொரு விஷயம், போனைத் தலைகீழாகப் பிடியுங்கள். லென்ஸ் கீழே வந்து மண்ணோடு மண்ணாக நிற்கும். இது ஒன்றே பலருடைய படத்தை மாற்றியிருக்கிறது.

கமெரா வைத்திருப்பவர்களுக்கு 90 அல்லது 100 மில்லிமீற்றர் மெக்ரோ லென்ஸ் மிகவும் வசதி. அதை உடனே வாங்கவேண்டும் என்றில்லை, இருக்கிற 50 மில்லிமீற்றர் லென்ஸுக்கும் கமெராவுக்கும் இடையில் ஒரு நீட்சி வளையம் போட்டாலே போதுமான அளவு கிட்டப் போகலாம்.

மீதியெல்லாம் வீட்டுச் சாமான்தான். அரைக் கிலோ பயறு போட்டுக் கட்டிய ஒரு துணிப்பை, கமெராவைத் தாங்க. தரையோடு எடுக்கும்போது முக்காலியைவிட இதுதான் எனக்கு உதவியிருக்கிறது. பால்மா பக்கற்றை வெட்டிக் கழுவி விரித்தால் உள்பக்கம் வெள்ளியாக மின்னும், அதுதான் என் ஒளித்தெறிப்பான். வெசாக் கூடு ஒட்டுகிற வெள்ளை டிசு தாளில் ஒரு துண்டு, வெளிச்சத்தை மென்மையாக்க. சின்ன எல்ஈடி டோர்ச் ஒன்று. மேக்கப் பெட்டியில் வருகிற சிறு கண்ணாடி ஒன்று, குடையின் அடிப்பக்கத்தைப் பிடுங்காமல் பார்க்க. ஒரு மெல்லிய பெயின்ட் தூரிகை. முழங்காலுக்குக் கீழே விரிக்க ரெஜிபோம் துண்டு அல்லது தடித்த பொலித்தீன். துவாய். அப்புறம் நுளம்பு எண்ணெய், முழுக்கை உடுப்பு. டெங்கு கொழும்பில் பேச்சுக்குச் சொல்கிற விஷயம் இல்லை, நாம் படுத்துக் கிடக்கப் போவது நுளம்பின் வீட்டு வாசலில்.

ஈரநிலப் பக்கம் போனால் மூடிய சப்பாத்துப் போடுங்கள், காலில் புண் இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றுகிறது. கட்டைக்கு அடியில் கையை விடுவதற்கு முன் ஒரு தடியால் தட்டுங்கள். மட்டத்தேள் இருக்கும், தேள் இருக்கும், சருகுக்குள் குனகட்டுவா என்று சிங்களத்தில் சொல்லும் சின்ன விரியன் சருகின் நிறத்திலேயே படுத்திருக்கும்.

இன்னொன்று. முக்காலியோடு ஒரு மூலையில் குப்புறப் படுத்திருப்பவரைப் பார்த்தால் யாரும் வந்து விசாரிப்பார்கள், தியவன்னா ஓயாப் பக்கம் பாராளுமன்றத்துக்குக் கிட்ட என்றால் கட்டாயம் விசாரிப்பார்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும், காவலுக்கு நிற்பவரிடம் முதலே போய்ச் சொல்லிவிடுங்கள். சிங்களத்தில் காளானுக்கு ஹது என்று பெயர். ‘ஹது’ என்று சொல்லி எடுத்த படத்தைக் காட்டினால் முகம் மாறிவிடும். ஒரு பூங்காவில் அப்படிக் கேட்ட காவலாளி ஒருவர்தான் என்னைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போய், பின்பக்கம் விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தைக் காட்டித் தந்தார்.

கண்ணைப் பழக்குங்கள்

குற்றிக்குப் போனதும் கமெராவை எடுக்கவேண்டாம். பத்து நிமிடம் சும்மா பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும்.

நல்ல ஆரஞ்சுச் சிவப்பில் மெல்லிய தட்டு மாதிரி வெயில் படுகிற கட்டையில் இருப்பது பிக்னோபோரஸ். வெடிப்புகளில் மஞ்சள் ஜெலி போல, சின்னத் துடுப்பு வடிவில் வரிசையாக நிற்பது டாக்ரியோபினாக்ஸ், மரத்தில் செய்த பழைய வாங்கு, வேலி எல்லாவற்றிலும்கூட மழைக்கு முளைக்கும். கறுத்த விரல்கள் மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பது போல இருந்தால் சைலேரியா. உயிருள்ள மரத்தின் அடியில் பலகை போலக் கெட்டியாக, மேலே மண்ணிறத் தூள் படிந்திருந்தால் கனோடெர்மா, அந்தத் தூள் அதன் வித்திகளேதான். பட்டன் அளவுக் கிண்ணத்துக்குள் சின்ன முட்டைகள் இருப்பது போலத் தெரிந்தால் அது பறவைக்கூட்டுக் காளான். மழைத்துளி கிண்ணத்தில் விழுகிற வேகத்தில் அந்த ‘முட்டைகள்’ வெளியே தெறிக்கும், உள்ளேதான் வித்திகள்.

ஊதுபத்திக் கட்டைக் குத்திவைத்த மாதிரி மண்ணிறத்தில் நெருக்கமாக நிற்கும் ஒன்றையும் காண்பீர்கள். ஸ்டெமோனிடிஸ் என்பது பெயர். அது பங்கசு இனமே இல்லை, சளிப்பூஞ்சணம். முதல் நாள் வெள்ளைக் கூழாகக் கட்டையில் ஊர்ந்துகொண்டிருந்தது மறுநாள் இப்படி நிற்கும். கூழாக இருக்கும்போது கண்டால் அன்றைக்கு வேறு எதையும் தேடவேண்டாம், கமெராவை அசையாமல் வைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டே இருங்கள்.

நான் அப்படி இருந்த ஒரு காலையில் ஒழுங்கை அம்மா ஒருவர் பால் வாங்கி வருகிற வழியில் நின்று பார்த்துவிட்டு, ‘பிள்ளை, அதைத் தொடாதேயுங்கோ, நஞ்சு’ என்றார். இங்கே சாதாரணமாகக் காண்கிற காளானைத் தொட்டுவிட்டுக் கையைக் கழுவினால் ஒன்றும் ஆகாது. சாப்பிடுவதுதான் ஆபத்து. படத்தை வைத்தோ போன் செயலியை வைத்தோ ஒரு காளானைச் சாப்பிடலாம் என்று ஒரு நாளும் முடிவெடுக்காதீர்கள். புல்வெளியில் பெரிய வெள்ளைக் குடையாக வருகிற குளோரோஃபில்லம் மொலிப்டைட்டிஸ் பார்ப்பதற்குக் கறிக்காளான் போலவே இருக்கும், முற்றியபின் அடிமடிப்பு பச்சையாகும், கடுமையான வாந்தியும் வயிற்றோட்டமும் தரும்.

படுத்துக்கொள்ளுங்கள்

மேலிருந்து எடுத்த காளான் படம் ஒரு வட்டம் மட்டும்தான். காளானின் குடை எந்த உயரத்தில் இருக்கிறதோ அதற்குச் சமமாக அல்லது அதைவிடக் கொஞ்சம் கீழே லென்ஸ் வரவேண்டும், அப்போதுதான் தண்டு, மடிப்பு, வளையம் எல்லாம் தெரிந்து அதற்கு ஒரு நிற்கும் உருவம் கிடைக்கும். ரெஜிபோமைப் போட்டு முழங்கையை ஊன்றிப் படுத்துவிடுங்கள். உடுப்பு அழுக்காகும்.

சட்டகத்துக்குள் வருகிற குப்பையைக் கவனியுங்கள். பிரகாசமான ஒரு புல் நுனி, டொஃபித் தாள், காய்ந்த வெளிர் இலை இவைதான் கண்ணை இழுத்துப் போகும். தளர்வாகக் கிடப்பதை எடுத்து வைத்துவிட்டு, முடிந்ததும் திரும்ப அதே இடத்தில் வையுங்கள். முளைத்திருப்பதைப் பிடுங்காதீர்கள், வளைத்துப் பிடித்துக்கொள்ளலாம். குடையின் மேல் ஒட்டிய மண்ணைத் தூரிகையால் தொட்டும் தொடாமலும் நீக்கலாம். மழைத்தெறிப்பு மண் இருந்தால் நான் விட்டுவிடுவேன், அந்தக் காலையின் ஒரு பகுதி அது.

கட்டையைப் புரட்டவேண்டாம். இதை நான் செய்து கெடுத்திருக்கிறேன். அடிப்பக்கத்தில் வெள்ளை மேலங்கி போலப் படர்ந்திருந்த ஒன்றை நல்ல வெளிச்சத்தில் எடுக்க ஆசைப்பட்டுக் குற்றியைக் கால் சுற்றுத் திருப்பினேன், திரும்பச் சரியாக வைக்கவில்லை. ஒரு வாரத்தில் அது காய்ந்து உரிந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் அடுத்த மழைக்கும் ஒன்றும் வரவில்லை. படம் இருக்கிறது, பார்க்க மனமில்லை.

வெளிச்சம்

மேகமூட்டமான காலை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. வெயில் புள்ளி புள்ளியாக விழுந்தால் குடையைப் பிடித்து மறையுங்கள், பிறகு பால்மாத் தாளால் நிழல் பக்கத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் திருப்பிவிடுங்கள். காளானின் அடிப்பக்கம்தான் எப்போதும் இருட்டு, ஆகவே தாளைத் தரையில், காளானுக்கு முன்னால் சாய்த்து வையுங்கள். வெள்ளி கூசினால் அதன் மேல் டிசு தாளைப் போடுங்கள்.

கமெராவிலேயே இருக்கிற பிளாஷை அடிக்காதீர்கள். ஆரம்பத்தில் நான் எடுத்த வெள்ளைக் காளான் எல்லாம் பிளாஷில் மாவுக்கட்டியாக வந்து நின்றது. வெள்ளைக் காளானுக்கு முக்கியமான ஒரு திருத்தம் உண்டு. இருண்ட கட்டையின் நடுவில் காளான் சின்ன வெள்ளையாக இருந்தால், சுற்றியுள்ள இருட்டைப் பார்த்து கமெரா படம் முழுவதையும் வெளிச்சமாக்கிவிடும், குடையின் மேல்தோல் வெளுத்துப்போகும். எக்ஸ்போஷர் திருத்தத்தை மைனஸ் பக்கம் மூன்றில் இரண்டு முதல் ஒரு படி வரை இறக்குங்கள். போனில் காளானின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, சூரியக் குறியைக் கீழே இழுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பின்வெளிச்சம். மெல்லிய காளானுக்குப் பின்னால், சட்டகத்துக்குள் தெரியாதபடி, டிசு தாள் சுற்றிய டோர்ச்சை வைத்தால் குடை விளக்குச் சிம்னி போல உள்ளிருந்து ஒளிரும், மடிப்புகள் ஒவ்வொன்றும் கோடாகத் தெரியும். காதுக் காளானின் நரம்பெல்லாம் தெரியும். கூட்டினால் செயற்கையாகிவிடும், டோர்ச்சைத் தள்ளித் தள்ளி வைத்து, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவில் நிறுத்துங்கள். பின்பக்கம் இருட்டாக இருக்கும்போது பக்கவாட்டில் டோர்ச் அடித்தால் சில நேரம் குடைக்குக் கீழே புகை போல வித்திகள் மிதந்து போவதைக் காணலாம். காற்று துளியும் இல்லாத நேரத்தில்தான் அது வாய்க்கும்.

நனைந்த கட்டையில் வானம் வெள்ளையாகப் பளபளக்கும், நிறமே தெரியாது. போலரைசர் வடிகட்டி இருந்தால் மெல்லச் சுழற்றுங்கள், பளபளப்பு வடிந்து பட்டையின் சிவப்பும் பாசியின் பச்சையும் வெளியே வரும். அது வெளிச்சத்தில் ஒன்றரை இரண்டு படியைத் தின்றுவிடும், அதற்கேற்ப ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டவேண்டும். ஜெலிக் காளானுக்கு மட்டும் பளபளப்பை முழுக்க எடுக்கவேண்டாம், ஈரமாக மினுங்குவதுதான் அதன் குணம்.

கூர்மை

இங்கேதான் பெரும்பாலானோர் தடுமாறுவார்கள். ஃபுல்ஃபிரேம் கமெராவில், பொருளும் சென்சரில் விழும் பிம்பமும் ஒரே அளவாக இருக்கும்படி கிட்டப் போய், லென்ஸ் துளையை எஃப்8இல் வைத்து எடுத்தால் (எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும்), கூர்மையாக விழும் பகுதி ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் மட்டுமே. பாதி அளவுக்குப் பின்வாங்கினால் அதுவே 3 மில்லிமீற்றருக்குக் கிட்ட வருகிறது. ஆகவே முதல் தீர்வு, கொஞ்சம் பின்னால் வந்து பிறகு வெட்டிக்கொள்வது. எஃப்16க்கு மேல் போய்த் தப்பலாம் என்று நினைத்தால் சின்னத் துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் படம் முழுக்க மந்தமாகும். எஃப்8, எஃப்11 இரண்டுக்குள் இருங்கள்.

இரண்டாவது, கமெராவின் பின்பக்கத்தைக் காளானின் முக்கியமான பக்கத்துக்குச் சமாந்தரமாக வையுங்கள். தட்டுக் காளான் வரிசையை எடுக்கும்போது இது ஒன்றே போதும், எல்லாமே ஒரே தளத்தில் வந்துவிடும். எதில் ஃபோகஸ் வைப்பது என்றால், குடையின் நமக்குக் கிட்டிய விளிம்பில். பின்பக்கம் மங்கினால் கண் பொறுத்துக்கொள்ளும், முன்விளிம்பு மங்கினால் பொறுக்காது.

பயறுப்பையில் கமெராவை அமுக்கி வைத்து, ஃபோகஸைக் கையால் திருப்பி, 2 செக்கன் டைமர் போடுங்கள். ஐஎஸ்ஓ (சென்சரின் ஒளியுணர்திறன்) 200, எஃப்8, ஷட்டர் அரைச் செக்கன் என்று மரநிழலில் சாதாரணமாக வரும், பயப்படவேண்டாம், காளான் எங்கும் போகாது. காற்றில் மெல்லிய தண்டு நடுங்கினால் மட்டும் ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள், அல்லது துவாயை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு காற்று ஓயும் நொடியில் அமுக்குங்கள்.

முழுக்கக் கூர்மையாக வேண்டும் என்றால் ஃபோகஸ் அடுக்கல். முன்விளிம்பில் தொடங்கி, ஒவ்வொரு படத்துக்கும் ஃபோகஸ் வளையத்தை மயிரிழை அளவு நகர்த்தி, பின்பக்கம் வரை 10, 15 படம். எக்ஸ்போஷரும் நிறச் சமநிலையும் கைமுறையில் பூட்டியிருக்கவேண்டும். பிறகு கணினியில் ஃபோட்டோஷொப்பிலோ ஹெலிக்கன் ஃபோகஸிலோ சேர்க்கலாம். நடுவில் ஒரு எறும்பு குறுக்கே நடந்தால் அது பத்து எறும்பாக வரும், முதலில் அது போகட்டும். எல்லாப் படத்துக்கும் இதைச் செய்யாதீர்கள் என்பேன். ஒரு வரி மட்டும் கூர்மையாக இருந்து மற்றதெல்லாம் கரைந்துபோன படத்தில்தான் அந்த மூலையின் ஈரம் தங்குகிறது.

குற்றியையும் எடுங்கள்

காளான் இல்லாத நாளில் வந்த வழியே திரும்பவேண்டாம். அறுத்த முகத்தைப் பாருங்கள். கறுப்பு மையில் வரைந்த வரைபடம் போலக் கோடுகள் ஓடும். ஒரே கட்டைக்குள் குடியிருக்கும் வெவ்வேறு பங்கசுகள் சந்திக்கிற இடத்தில் எழுப்பிக்கொள்ளும் எல்லை அது. கட்டை வெளுத்து நார்நாராகப் பிரிந்தால் மரத்தின் கடினப் பொருளான லிக்னினைத் தின்னும் வெள்ளை உக்கல், மண்ணிறமாகிச் சின்னச் சின்னச் சதுரமாக வெடித்தால் நார்ப்பொருளான செலுலோசைத் தின்னும் மண்ணிற உக்கல். இரண்டும் படத்தில் முற்றிலும் வேறு வேறு அமைப்பு. கறையான் கட்டிய மண்குழாய், பட்டையின் உட்பக்கம் வண்டுப்புழு அரித்த பாதை, இவற்றைக் காலைச் சாய்வு வெளிச்சத்தில் பக்கவாட்டிலிருந்து எடுத்தால் ஒவ்வொரு பள்ளமும் நிழலோடு எழும்பும். இதற்கு எஃப்11, கமெரா சமாந்தரம், அவ்வளவுதான்.

அகலமான படம் ஒன்றையும் கட்டாயம் எடுங்கள். குற்றி, மதில், பின்னால் தெரியும் தொடர்மாடி, கம்பியில் காயும் உடுப்பு எல்லாம் சேர்ந்து. ஏதோ தூரத்துக் காடு என்று தோன்றும்படி எடுக்கவே எல்லாருக்கும் ஆசை, எனக்கும் இருந்தது. இப்போது அந்த அகலப் படங்களைத்தான் அடிக்கடி திறந்து பார்க்கிறேன், ஏனென்றால் ஒரு நாள் காலையில் போனபோது குற்றி இல்லை. யாரோ ஏற்றிப் போய்விட்டார்கள். மண்ணில் அதன் அச்சு மட்டும், ஈரமாக, ஓரத்தில் இரண்டு கொப்ரினெல்லஸோடு இருந்தது.

குறிப்பு எழுதுங்கள்

ஒவ்வொரு காளானுக்கும் குறைந்தது நாலு படம் எடுக்கப் பழகுங்கள்: பக்கவாட்டு, மேல், கண்ணாடி வைத்து அடிப்பக்கம், அப்புறம் அது எதில் முளைத்திருக்கிறது என்பது தெரியும்படி ஒன்று. அளவுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஐந்தாவது. திகதி, கடைசி மழை எப்போது, என்ன மரம், மணம் எப்படி என்று போனில் இரண்டு வரி. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் போட்டால் தெரிந்தவர்கள் பெயர் சொல்ல இவை இல்லாமல் முடியாது. 19ஆம் நூற்றாண்டில் பேராதனைத் தோட்டத்தின் பொறுப்பில் இருந்த த்வெய்ட்ஸ் அனுப்பிய மாதிரிகளை வைத்துத்தான் காளான் ஆய்வாளர்கள் பெர்க்லி, புரூம் இருவரும் இங்கிலாந்தில் இருந்தபடி இலங்கைக் காளான்கள் பலவற்றுக்குப் பெயரிட்டார்கள். 1905இல் பேராதனைக்கு வந்த காளான் ஆய்வாளர் டொம் பெட்ச் பல வருடம் இங்கேயே இருந்து, உயிரோடு முளைத்து நிற்கிற காளானைப் பார்த்துப் பார்த்துத் திருத்தினார். இடத்தில் நின்று பார்ப்பவருக்கு மட்டும் தெரிகிற விஷயங்கள் இருக்கின்றன, உங்கள் இரண்டு வரிக் குறிப்பும் அந்த வகைதான்.

சரணாலயம், பூங்கா இவற்றிலிருந்து ஒரு துண்டுக் கட்டையைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரவேண்டாம்.

வீட்டுக்கு வந்தபின்

திருத்தம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரோ கோப்பில் (கமெரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுங்கள், மரநிழலில் எல்லாமே பச்சையாக வரும், வெள்ளைக் காளானின் தண்டைத் தொட்டு நிறச் சமநிலையைச் சரிசெய்யுங்கள். ஒளிர்ந்த பகுதியைக் கொஞ்சம் இறக்குங்கள். நிறத்தைக் கூட்டவேண்டாம், பிக்னோபோரஸின் சிவப்பு இயற்கையிலேயே போதும்.

ஏசி அறையில் இருந்த கமெராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்கப் பனி படரும், துடைத்தாலும் திரும்ப வரும். பையை மூடியபடியே வெளியே வைத்து அரை மணித்தியாலம் விட்டபின் திறவுங்கள். நனைந்து வந்த பையை அப்படியே அலுமாரிக்குள் தள்ளாதீர்கள். நான் ஒரு மழைக்காலம் முழுக்க தோல் உறையோடு அலுமாரியில் விட்ட 50 மில்லிமீற்றர் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்து, கண்ணாடிப் பூச்சையே அரித்துவிட்டது. இறுக்கமாக மூடுகிற ஒரு பிளாஸ்ரிக் பெட்டி, சிலிக்கா ஜெல், மலிவான ஈரமானி ஒன்று, இவ்வளவும் போதும். ஈரப்பதன் 40 முதல் 50 வீதத்துக்குள் இருக்கட்டும். அரிசி போடவேண்டாம், தூசுதான் மிஞ்சும். ஜெல் நிறம் மாறினால் சூட்டில் காயவைத்துத் திரும்பப் போடலாம்.

மாதம் ஒரு தடவை லென்ஸின் இரண்டு மூடியையும் கழற்றி, பின்வெளிச்சத்துக்கு வைத்திருக்கும் அதே டோர்ச்சை ஒரு பக்கத்திலிருந்து அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி நூல் போல மெல்லிய கிளைகள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் போனால் அதுவும் பூசணவலைதான். அன்றைக்கே அதைத் தனிப் பையில் போட்டுத் திருத்துபவரிடம் கொடுங்கள், மற்ற லென்ஸ்களோடு ஒரே பெட்டியில் ஒரு இரவுகூட வைக்காதீர்கள்.